புக்கிட் கெத்ரி வாரக்கடைசி: இரண்டு மோட்டார், ஒரு கயிறு, திரும்பி வரக் கொஞ்சம் கை

பாறையேறப் போகும் வாரக்கடைசியில் எந்த நேரம் ஆபத்தானது என்று கேட்டால் பெரும்பாலோர் சுவரைத்தான் காட்டுவார்கள். எங்களைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பின்மதியம் என்போம். முன்கை இரண்டும் இறுகியிருக்கும், விரல்நுனித் தோல் தேய்ந்திருக்கும், தூக்கம் கண்ணைச் சொருகும். அலோர் ஸ்டாரைத் தாண்டிக் குருன் பக்கம் வரும்போது வானம் கருக்கும், முன்னால் போகும் லாரி சட்டென்று பிரேக் அடிக்கும். அப்போது முன்பிரேக்கை இழுக்க வேண்டியது காலையிலிருந்து பாறை விளிம்பில் தொங்கிய அதே விரல்கள்தான். சுவரில் கை விட்டுப்போனால் கயிறு பிடித்துக்கொள்ளும். சாலையில் அப்படி எதுவும் இல்லை.

அதனால் இந்தப் பயணத்தைக் கடைசியிலிருந்து தொடங்கித் திட்டமிட வேண்டும். எதை எங்கே கட்டுவது, எத்தனை ரூட் (சுவரில் ஏறும் பாதை) ஏறுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதெல்லாம் திரும்பி வரும் சாலைக்குக் கையில் எவ்வளவு மிச்சம் வைப்பது என்ற கணக்கில்தான் வந்து நிற்கும். கீழே எழுதியிருப்பது பினாங்கிலிருந்து பெர்லிஸ் மாநிலத்தின் புக்கிட் கெத்ரிக்குப் போகும் இருவருக்கானது. லீட் ஏறவும் (பாறையில் அடித்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறுவது) பிலே பிடிக்கவும் (கீழே நின்று கயிறு பிடிப்பது) ஏற்கெனவே பழகியவர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். பழகாதவர்கள் முதல் முறை தெரிந்தவர் கூடப் போங்கள். படித்துக் கற்கிற வேலை இல்லை இது.

பினாங்குத் தீவு முழுக்கக் கருங்கல். அதில் உரசலை நம்பிக் காலால் ஏறுவது ஒரு வித்தை. பெர்லிஸ் சுண்ணாம்புப் பாறை நாடு. அங்கே ஓட்டை, விளிம்பு, தொங்கும் சுண்ணாம்புத் தூண் என்று கையால் பிடித்து இழுக்கும் ஏற்றம். தீவிலும் பட்டர்வொர்த்திலும் உள்ளரங்கச் சுவரில் பழகியவர்களுக்கு இந்த வகைதான் சீக்கிரம் ஒத்துவரும். கையை வேகமாகக் காலி செய்வதும் இதே வகைதான்.

பட்டர்வொர்த்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணி, குருன், அலோர் ஸ்டார் வரை போய், அங்கிருந்து கங்கார் வழியாகப் பாடாங் புசார் போகும் 7ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது. பினாங்குப் பாலங்கள் இரண்டிலும் 2019 ஜனவரியிலிருந்து கிடையாது. கப்சாயில் (சின்ன அண்டர்போன் மோட்டார்) மணிக்கு 80, 90 என்று நிதானமாகப் போனால், ஒரு நிறுத்தத்தோடு இரண்டரை மணி நேரம் பிடிக்கும்.

எந்த மாதம்

பெர்லிஸ் வெயிலைக் குறைத்து எடை போடாதீர்கள். மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, 40.1 டிகிரி செல்சியஸ், 1998 ஏப்ரல் 9ஆம் தேதி அதே மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. பாறை நாள் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்திருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் நேராக விழும் சுவரைத் தொட்டாலே விரல் வியர்த்து வழுக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை போவது உத்தமம். வடகிழக்குப் பருவக்காற்று அப்போது கிழக்குக் கரையை நனைத்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் வறண்டு வரும். காற்றில் ஈரம் குறைவு, காலை நேரமும் குளிர்ச்சி.

செப்டம்பர், அக்டோபரில் நிலைமை தலைகீழ். தினமும் பின்மதியம் இடிமழை. மழை நின்ற பிறகும் சுண்ணாம்புப் பாறை உடனே காயாது. உள்ளே இறங்கிய தண்ணீர் தொங்குதூண்கள் வழியாக நாள்கணக்கில் கசியும். மேலே பார்த்தால் வெயில் காய்கிறது, பிடியில் கை வைத்தால் சவர்க்காரம்போல் வழுக்குகிறது. வாரம் முழுக்க மழை பெய்திருந்தால் சனிக்கிழமை வெயிலை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

ஒரு மோட்டாரா, இரண்டா

இரண்டு. முடிந்தவரை இரண்டு. தலா 70 கிலோ என்று இருவரையும் வைத்தாலே 140 கிலோ. சாமானைக் கூட்டிப் பாருங்கள்: 9.8 மில்லிமீட்டர் தடிமனில் 60 மீட்டர் கயிறு கிட்டத்தட்ட 3.8 கிலோ, 12 குயிக்டிரா (கயிற்றைப் போல்ட்டில் மாட்டும் இரட்டைக் கொக்கி) 1.3 கிலோ, ஹார்னஸ் (இடுப்பு வார்) இரண்டும் சேர்ந்து 900 கிராம், ஏறும் காலணி இரண்டு ஜோடி 1 கிலோ, ஏறும் ஹெல்மெட் இரண்டும் 600 கிராம். பிலே கருவி, பூட்டுக் கேரபினர் (பூட்டும் உலோக வளையம்), ஸ்லிங் (தைத்த வார் வளையம்), சாக் பவுடர், கயிற்றுப்பை, முதலுதவிப்பை எல்லாம் சேர்ந்தால் 11 கிலோவைத் தொடும். அதற்கு மேல் மழையுடுப்பு, துணிமணி, மோட்டார் கருவிகள். மொத்தம் 18 கிலோ. சின்ன கப்சாயில் இரண்டு பேர் ஏறி இதையும் கட்டினால் தயாரிப்பாளர் கையேட்டில் போட்டிருக்கும் எடை வரம்பை முட்டும், பல வண்டிகளில் தாண்டியே போகும். பிரேக் தூரம் நீளும், பின் சஸ்பென்ஷன் அடியில் போய் உட்காரும், முன்சக்கரம் லேசாகிப் பாலத்தில் குறுக்குக்காற்று அடிக்கும்போது ஹேண்டில் ஆடும்.

இரண்டு மோட்டாரில் போனால் ஒன்று பஞ்சரானாலும் மற்றது கடைக்கு ஓடும். சாவியை மட்டும் மறக்காதீர்கள்: ஒவ்வொருவரும் தன் வண்டியின் இரண்டாவது சாவியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட வேண்டும். ஹார்னஸில் மாட்டிய சாவி 20 மீட்டர் உயரத்திலிருந்து புதருக்குள் விழுந்தால் தேடிக் கிடைக்காது.

எந்த வண்டி என்ற கேள்விக்கு எங்கள் பதில் பலருக்குப் பிடிக்காது. ஹோண்டா ஈஎக்ஸ்5 போன்ற பழைய பாணிக் கப்சாய்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்றது. அதில் இடக்கைக்குக் கிளட்ச் கிடையாது. கியரைக் கால் பார்த்துக்கொள்ளும். யமஹா ஒய்15இசட்ஆர், ஹோண்டா ஆர்எஸ்-எக்ஸ் போன்றவை வேகத்தில் மேலானவை, பிரேக்கும் நல்லது. ஆனால் ஞாயிறு மாலை சுங்கை பட்டாணி நெரிசலில் நூறு தடவை கிளட்ச் இழுக்கும்போது இறுகிய இடது முன்கை கெஞ்சும். கிளட்ச் வண்டிதான் உங்களிடம் இருக்கிறதென்றால், கிளம்புவதற்கு முன் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, லீவர் முனையில் வெற்று அசைவு 10 முதல் 15 மில்லிமீட்டர் இருக்கும்படி சரிசெய்யுங்கள். காய்ந்த கேபிளும் புதுக் கேபிளும் கைக்குத் தரும் வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல.

கட்டும் விதம்

கயிறுதான் அதிக எடையுள்ள ஒற்றைச் சாமான். பெரும்பாலோர் அதைப் பின்பெட்டியில் போடுவார்கள். பின்பெட்டி பின்சக்கர அச்சுக்கும் பின்னால், உயரத்தில் இருக்கிறது. அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். கிவி பெட்டி 45 லிட்டர் கொள்கிறது என்பதற்காக 45 லிட்டரையும் நிரப்ப வேண்டியதில்லை. பெட்டிக்கும் அதைத் தாங்கும் தட்டுக்கும் தனித்தனியே எடை வரம்பு உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

கப்சாயில் இருக்கைக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே, முழங்காலுக்கு இடையில் ஒரு பள்ளம் இருக்கிறதே, சந்தைக்குப் போகிறவர்கள் அரிசி மூட்டை வைக்கும் இடம், கயிற்றுப்பை அங்கேதான் போக வேண்டும். தாழ்வானது, நடுவானது, கண்ணுக்கு முன்னால் இருப்பது. கட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பின்பிரேக் மிதியும் கியர் மிதியும் காலுக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள். குயிக்டிராவும் ஹார்னஸும் இரண்டாவது வண்டியின் பெட்டிக்குள். துணி, மழையுடுப்பு போன்ற லேசானவை மேலே.

கொக்கி வைத்த ரப்பர் வாரை ஒதுக்கிவிடுங்கள். குழியில் வண்டி குதிக்கும்போது வார் நீண்டு, கொக்கி கழன்று, சாமான் ஒரு பக்கம் சரியும். தட்டை நைலான் வாரைப் பக்கிளில் இழுத்துக் கட்டினால் அசையாது. ஆனால் மிச்ச வால் காற்றில் ஆடக் கூடாது. தொங்கும் வார்நுனி செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே போனால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். 90 வேகத்தில் அது நடந்தால் சொல்ல வேண்டியதில்லை. வாலைச் சுருட்டி முடிச்சுப் போட்டு டேப்பால் ஒட்டிவிடுங்கள். சாமான் கட்ட ஏறும் ஸ்லிங்கைப் பயன்படுத்துவது சிலருக்கு வழக்கம். செயின் எண்ணெயும் மணலும் பட்ட ஸ்லிங்கில் நாளைக்கு உயிரைத் தொங்கவிடப் போகிறோம் என்ற நினைப்பு வந்தால் அந்த வழக்கம் தானாகவே நின்றுவிடும்.

சூட்டையும் அமிலத்தையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறும் கயிறு நைலான். சுமார் 220 டிகிரியில் உருகும். மெல்லிய டைனீமா ஸ்லிங் 145 டிகிரியிலேயே உருகும். புகைக்குழாய் ஓரத்தில் பை உரசிக்கொண்டே 150 கிலோமீட்டர் போனால் பை பொத்தலாவதோடு நிற்காது. பேட்டரி அமிலம் அதைவிட மோசம். அமிலம் பட்ட நைலான் வெளியே பார்க்கப் புதுசுபோல் இருக்கும், உள்ளே நூல் செத்திருக்கும். எடை விழும்போது அறுந்துபோகும். பழைய பேட்டரி கிடந்த பெட்டி, மோட்டார் கடைத் தரை, கார் பூட், இங்கெல்லாம் கயிற்றைப் பை இல்லாமல் வைக்காதீர்கள். பெட்ரோலோ பிரேக் எண்ணெயோ பட்டதாகச் சந்தேகம் வந்தாலும் அந்தக் கயிறு துணி காயப்போடத்தான் லாயக்கு.

ஹெல்மெட் விஷயத்தில் குறுக்குவழி இல்லை. இரண்டு வகையும் வேண்டும். சாலைக்கு சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள ஹெல்மெட். அதைப் போட்டுக்கொண்டு பாறையடியில் நின்றால் மேலே பார்க்கக் கழுத்து மடங்காது, ஏறுகிறவர் கூப்பிடுவதும் கேட்காது. ஏறும் ஹெல்மெட் மேலிருந்து விழும் கல்லுக்காகச் செய்தது; அதைச் சாலையில் போடுவது சட்டத்துக்கும் ஆகாது, மண்டைக்கும் ஆகாது.

தண்ணீரைப் பினாங்கிலிருந்து சுமக்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேண்டும். இருவருக்கும் 8 கிலோ. கங்காரிலோ பெசேரியிலோ வாங்கிக்கொண்டால் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும்தான் சுமை.

வெள்ளிக்கிழமை இரவு வண்டிக்கு

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். அளவு செயின் மூடியிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பல கப்சாய்களில் முன்னால் 29 பிஎஸ்ஐ, தனியாள் ஓட்டினால் பின்னால் 33. சாமான் ஏறினால் பின்னால் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கும். செயினைச் சாமான் கட்டிய பிறகு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது அவசியம். வெறும் வண்டியில் சரியாக இருந்த தொய்வு, எடை ஏறிப் பின்சக்கரம் மேலே வந்ததும் இறுகிவிடும். 25 முதல் 35 மில்லிமீட்டர் தொய்வு பொதுவான அளவு. இறுக்கமான செயின் கியர்பெட்டியின் பேரிங்கைத் தின்னும்.

என்ஜின் எண்ணெய் கப்சாயில் மொத்தமே சுமார் 1 லிட்டர்தான். போகவர 300 கிலோமீட்டருக்கு மேல், அதிக சுற்றில் ஓடும்போது அதில் 200 மில்லி குறைந்தாலும் பெரிய பங்கு. குச்சியில் மேல்கோடு வரை இருக்கட்டும். கம்பிச் சக்கர வண்டியென்றால் 17 அங்குல டியூப் ஒன்று, டயர் நெம்புகோல் இரண்டு. அலாய் சக்கர டியூப்லெஸ் என்றால் பஞ்சர் செருகு, சின்னக் காற்றுப் பம்பு.

சாலை

காலை 5.30க்குப் பாலம் ஏறினால் 8.30க்குப் பாறையடி. பினாங்குப் பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், கடல் நடுவில் குறுக்குக்காற்று திடீரென்று தள்ளும். தோளை இறுக்காமல், முழங்காலால் வண்டியை அணைத்துக்கொண்டு, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் காற்றின் ஆட்டம் முழுவதும் ஹேண்டிலுக்குப் போகும், முன்கையும் வீணாகக் களைக்கும்.

நெடுஞ்சாலையில் அவசரத் தடத்தில் ஓட்டும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. லாரியிலிருந்து கழன்ற கம்பி, ஆணி, டயர்த் துண்டு எல்லாம் ஒதுங்குவது அங்கேதான். பஞ்சர் நிறைய அங்கிருந்துதான் வருகிறது. பழுதாகி நிற்கும் லாரியும் அங்கேதான் நிற்கும், விடியற்காலையில் விளக்கில்லாமல். இடது தடத்தின் நடுவில் போங்கள்.

ஒய்15இசட்ஆர் தொட்டி 4.2 லிட்டர். சாமானோடு லிட்டருக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் என்று வைத்தால், 150 கிலோமீட்டரில் தொட்டி காய்ந்துவிடும். குருன் ஓய்வுத்தலத்தில் நிறைத்துக்கொள்ளுங்கள். ஜெராய் மலை பக்கத்தில் தெரியும் இடம். ஒரு தே தாரேக் குடித்துக் காலை நீட்டவும் சரியாக இருக்கும்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பெர்லிஸிலும் பினாங்கிலும் சனி, ஞாயிறு. இதை மறந்தால் கணக்கு இடிக்கும்: ஞாயிறு கெடாவுக்கு வேலை நாள். மாலை 5 மணிக்கு மேல் அலோர் ஸ்டார் சுற்றுவட்டாரத்தில் அலுவலகம் விட்ட நெரிசல் இருக்கும். நல்ல பக்கமும் உண்டு. ஞாயிறன்று வண்டி பழுதானால் பெர்லிஸில் கடை மூடியிருக்கலாம், எல்லை தாண்டிக் கெடாவுக்குள் வந்தால் திறந்திருக்கும்.

புக்கிட் கெத்ரி பக்கம் சிமெண்ட் ஆலை இருக்கிறது. லாரிகள் வரும், சாலை ஓரத்தில் மெல்லிய சாம்பல் தூசி படிந்திருக்கும். காய்ந்திருந்தால் வளைவில் டயர் லேசாக வழுக்கும், ஈரமானால் சேறு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக் தொடாமல் போங்கள்.

பாறையடியில்

முதல் வேலை ஏறுவது இல்லை, பார்ப்பது. குன்றுக்குப் போகும் வழியில் வீடு, தோட்டம் இருந்தால் கேட்டுவிட்டு வண்டியை நிறுத்துங்கள். பிறகு சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். குளவிக்கூடு, மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்த ரூட் மட்டுமல்ல, பக்கத்து ரூட்டும் வேண்டாம். 15 மீட்டர் உயரத்தில் தேனீ கிளம்பினால் ஏறுகிறவரால் ஓட முடியாது, கயிறு பிடிப்பவர் ஓடக் கூடாது. குரங்கு இருக்கும் இடத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தை மோட்டார் பெட்டிக்குள் பூட்டுங்கள். பையின் ஜிப் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

போல்ட்டுகளில் துருக்கறை வழிந்திருக்கிறதா, ஹேங்கர் (போல்ட்டில் பொருத்திய ஓட்டைத் தகடு) கையால் சுற்றினால் சுழல்கிறதா, சுற்றியுள்ள பாறை தட்டினால் பொத்தென்று ஒலிக்கிறதா என்று முதல் இரண்டு போல்ட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். நம் காற்றில் எஃகு சீக்கிரம் கெடும். தாய்லாந்தின் கிராபிக் கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே உள்ளே விரிசல் விட்டதால்தான் டைட்டானியத்துக்கு மாறினார்கள். பெர்லிஸ் கடலிலிருந்து உள்ளே இருக்கிறது, அந்த அளவுக்கு மோசமில்லை. என்றாலும் சந்தேகம் வந்த போல்ட்டில் விழுந்து பார்க்க வேண்டியதில்லை; இறங்கிவிடலாம்.

முதல் போல்ட்டுக்கு முன்னால் விழுந்தால் தரைதான். நீட்டி மடக்கும் குச்சி ஒன்று இருந்தால் கீழிருந்தே முதல் குயிக்டிராவை மாட்டிவிடலாம். மடக்கினால் 60 சென்டிமீட்டர், மோட்டார் பக்கவாட்டில் கட்டிக்கொள்ளலாம். மூன்றாவது போல்ட் வரை கயிறு பிடிப்பவர் சுவரை ஒட்டி நிற்க வேண்டும், தொய்வு குறைவாக. தள்ளி நின்று வேடிக்கை பார்த்தால், ஏறுகிறவர் விழும்போது அந்த இடைவெளி முழுக்கத் தொய்வாக மாறும்.

கிளம்புமுன் இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்: ஹார்னஸ் பக்கிள், எட்டு வடிவ முடிச்சு, பிலே கருவியில் கயிறு சரியான திசையில் போயிருக்கிறதா, கேரபினர் பூட்டியிருக்கிறதா, கயிற்றின் மறுநுனியில் முடிச்சு இருக்கிறதா. கடைசியில் சொன்னதைத்தான் நிறையப் பேர் விடுவார்கள். 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டர் ரூட் என்பது காகிதத்தில் சரி. நுனி வெட்டிய பழைய கயிறு 57 மீட்டர்தான் இருக்கும். இறக்கும்போது நுனி கருவி வழியாக நழுவிப்போனால் மேலே இருப்பவர் நேராகக் கீழே. ஒரு முடிச்சு போட்டிருந்தால் நுனி கருவியிலேயே சிக்கி நின்றுவிடும். கிரிகிரி போன்ற தானாகப் பிடிக்கும் கருவியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

குரல் விஷயத்தில் ஒரு சின்னத் தொந்தரவு. பக்கத்து ரூட்டிலும் நம் ஆட்களே இருந்தால், “மச்சான், டேக்!” என்று ஒருவர் கத்தும்போது நாலு மச்சான் திரும்பிப் பார்ப்பான். பெயரைச் சொல்லிக் கத்துங்கள். டேக் (கயிற்றை இறுக்கு), ஸ்லாக் (தளர்த்து), லோவர் (இறக்கு) என்ற மூன்றுக்கு மேல் வார்த்தை வேண்டாம். ஓகே என்பது எதற்கும் பதில் ஆகாது.

மோசமான விபத்து பல நடப்பது கஷ்டமான நகர்வில் இல்லை, ரூட் முடிந்து மேலே ஆங்கரிலிருந்து (உச்சியில் உள்ள போல்ட்டும் வளையமும்) நம் சாமானைக் கழற்றும்போதுதான். மேலே போனவர் “ஓகே” என்கிறார். தான் கயிற்றில் சறுக்கி இறங்கப் போகிறாரா, தன்னை இறக்க வேண்டுமா என்று சொல்லவில்லை. கீழே இருப்பவர் வேலை முடிந்தது என்று கயிற்றைக் கருவியிலிருந்து எடுத்துவிடுகிறார். மேலே இருப்பவர் பின்னால் சாய்கிறார். இதைத் தவிர்க்க, எப்போதும் கூட்டாளிதான் இறக்குவார், கயிறு கருவியிலிருந்து ஒரு நொடியும் வெளியே வராது என்று தரையிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

செய்முறை இது. ஆங்கரை அடைந்ததும் ஹார்னஸிலிருந்து ஸ்லிங்கைப் பூட்டுக் கேரபினரோடு இரண்டு போல்ட்டிலும் மாட்டி, உட்கார்ந்து எடையைக் கொடுத்துப் பாருங்கள். ஸ்லிங் எப்போதும் விறைப்பாக இருக்கட்டும். டைனீமா நீளாது, அரை மீட்டர் தொய்வில் விழுந்தாலே முதுகை முறிக்கும் அதிர்ச்சி. ஸ்லாக் கேட்டு, உங்கள் முடிச்சுக்கு முன்னால் இருக்கும் கயிற்றை மடித்து, அந்த மடிப்பை ஆங்கரின் இரண்டு வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுங்கள். மடிப்பில் எட்டு வடிவ முடிச்சு போட்டு, பூட்டுக் கேரபினரால் ஹார்னஸின் பிலே வளையத்தில் மாட்டிப் பூட்டுங்கள். இப்போதுதான் பழைய முடிச்சை அவிழ்க்கலாம். நுனியை வளையத்திலிருந்து உருவி விட்டு, “டேக்” சொல்லி, எடையை முழுக்கக் கயிற்றில் போடுங்கள். ஸ்லிங் தொய்ந்து, கயிறு தாங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஸ்லிங்கையும் உங்கள் குயிக்டிராவையும் கழற்றுங்கள். இந்த முறையில் கயிறு கை தவறிக் கீழே போக வழியே இல்லை. வளையம் சின்னதாக இருந்து மடிப்பு நுழையாவிட்டால், முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் கயிற்றின் வேறொரு இடத்தை ஹார்னஸில் மாட்டிவிட்டு நுனியை நுழைத்துத் திரும்பக் கட்டுங்கள். மடிப்பு முறை கொஞ்சம் கயிற்றைச் சாப்பிடும். நீளமான ரூட்டில் அதையும் கணக்கில் சேருங்கள்.

இருவரும் மாறி மாறி டாப்ரோப் (கயிறு முன்பே மேலே மாட்டியிருக்க ஏறுவது) ஏறும்போது கயிறு உங்கள் குயிக்டிரா வழியாகத்தான் ஓட வேண்டும். ஆங்கர் வளையம் எல்லாருக்கும் பொது, தேய்த்துவிடாதீர்கள்.

கையைக் கணக்கு வைப்பது

சனிக்கிழமை முடிந்தவரை ஏறுங்கள். காலை 8.30 முதல் 12 வரை, வெயில் தணிந்து 3.30 முதல் 6.30 வரை. கஷ்டமான ரூட், பழக்கமில்லாத தொங்கல் (வெளியே சாய்ந்த சுவர்) எல்லாம் அன்றைக்கே. இரவு கங்காரில் அறை எடுத்து நன்றாகத் தூங்குங்கள். கூடாரத்தில் கொசுவோடு போராடி மிச்சப்படுத்தும் 40 வெள்ளி, மறுநாள் ஹேண்டிலில் தூங்கி வழிவதற்கு ஈடாகாது.

ஞாயிறு பாதி நாள்தான். 11.30க்குக் கடைசி ரூட், அதுவும் எளிதானது. உங்கள் அளவு (ஏறக்கூடிய ரூட்டின் கஷ்டத் தரம்) 6பி என்றால் ஞாயிறு 5, 6ஏ போதும். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கூட்டாளி கேட்பார், எப்போதும் கேட்பார். 12க்குச் சாமான் கட்டி, சாப்பிட்டு, உப்பும் சர்க்கரையும் உள்ளதாக, 100 பிளஸோ இளநீரோ குடித்து, நிழலில் ஒரு மணி நேரம் படுங்கள். சோற்றை அளவாகச் சாப்பிடுங்கள். நாசி கண்டாரை வயிறு முட்ட அடித்துவிட்டு நெடுஞ்சாலை ஏறுவது தூக்கமாத்திரை போடுவதற்குச் சமம்.

கிளம்புவதற்கு முன் சோதனை எளிது. வண்டியை நிறுத்திய நிலையில் முன்பிரேக்கை முழுப் பலத்தோடு இருபது தடவை இழுத்து விடுங்கள். இருபதாவது இழுப்பு முதல் இழுப்பைப்போல இருக்க வேண்டும். விரல் நடுங்கினாலோ பாதியில் தளர்ந்தாலோ இன்னும் அரை மணி நேரம். விரல்நுனி பிளந்திருந்தால் டேப் சுற்றி, அதன் மேல் கையுறை போடுங்கள். வெறும் கையில் ரப்பர் பிடி உரசினால் பிளவு பெரிதாகும்.

2 மணிக்குக் கிளம்பினால் 5 மணி நெரிசலுக்கு முன்னால் அலோர் ஸ்டாரைத் தாண்டிவிடலாம். தாமதமாகிவிட்டால், இருட்டும் நேரத்தில் வயல் ஓரச் சாலையில் பூச்சி கூட்டம்கூட்டமாக வந்து முகக்கண்ணாடியில் அடிக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் கொழுப்பாகப் பரவி எதிர்விளக்கில் ஒன்றுமே தெரியாது. ஈரத்துணியை ஒரு நிமிடம் மேலே போட்டு வைத்துப் பிறகு துடையுங்கள். மழை பிடித்தால் மேம்பாலத்துக்கு அடியில் அவசரத் தடத்தில் ஒண்டாதீர்கள். மழையில் தடம் விலகும் கார் வந்து மோதுவது அங்கேதான். ஓய்வுத்தலம் வரை மெதுவாகப் போங்கள், அல்லது அடுத்த வெளிவாசலில் இறங்கிவிடுங்கள்.

தீவுக்குத் திரும்புகிறவர்கள் பாலத்தை விட்டுப் படகில் ஏறுங்கள். 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் காரை ஏற்றுவதில்லை, மோட்டாரை ஏற்றும். களைத்த கை பாலக் காற்றோடு போராட வேண்டாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முன்னமே பார்த்து வையுங்கள்.

கை பிசகினாலோ வண்டி நின்றாலோ ஒரு வழி இருக்கிறது. பாடாங் புசார், பட்டர்வொர்த் கொம்யூட்டர் ரயில் புக்கிட் கெத்ரியிலும் ஆராவிலும் நிற்கும். வண்டியை அறை எடுத்த இடத்தில் பூட்டிவிட்டு ரயிலில் வரலாம். அடுத்த வாரம் போய் எடுக்கலாம். அடிபட்டால் 999, கங்காரில் துவாங்கு பவுசியா மருத்துவமனை இருக்கிறது. உங்கள் தனிநபர் விபத்துக் காப்புறுதியில் கயிறு கட்டி ஏறுவது விலக்கப்பட்டிருக்கிறதா என்று கிளம்புமுன் ஒரு தடவை படியுங்கள். பல பத்திரங்களில் விலக்கித்தான் வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றைப் பையிலிருந்து எடுத்து, கைக்குக் கை ஓடவிட்டு, தட்டையான இடம், உறை கிழிந்த இடம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்புத் தூசி ஏறியிருந்தால் பச்சைத்தண்ணீரில் அலசி, வெயில் படாத உள்கொடியில் காயப்போடுங்கள். மோட்டார் நிற்கும் போர்ட்டிக்கோவில் வேண்டாம். செயினில் ஒட்டிய சிமெண்ட் தூசியைத் திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் மண்ணெண்ணெயால் துடைத்து எண்ணெய் விடுங்கள். அது ஈரத்தோடு காய்ந்தால் மணல்தாள் மாதிரி ஸ்ப்ராக்கெட்டைத் தேய்க்கும்.